மற்றும் பிறர்

திம்மராயன் மற்றும் பிறர், 1987.
அடைப்புக்குறிக்குள் அவ்வளவுதான்.
பேருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு
தருமபுரியில் இறங்கினேன்.

ஆய்வேட்டின் கடைசியில் முழு முகவரி உண்டு:
தொகுதி இருபத்திரண்டு, இதழ் மூன்று,
பக்கம் 141.
தெரு இருக்கிறது, கதவிலக்கம் இருக்கிறது.
தட்டினால் வேறு யாரோ திறக்கிறார்கள்.

பல்கலைக்கழக நூலகக் கணினியில்
தலைப்பை முழுசாய்ப் போட்டேன். பூஜ்யம்.
பாதியைப் போட்டேன். நாலாயிரத்துச் சொச்சம்.
திம்மராயனைப் போட்டேன்:
'டி'க்குப் பின்னால் 'எச்' உண்டா இல்லையா,
'எம்' ஒன்றா இரண்டா,
நம் பெயருக்கு ஆங்கிலத்தில் நிலையான எழுத்து ஏது.
மூன்று திம்மராயன்கள் வந்தார்கள்.
ஒருவர் பட்டுப்புழு, ஒருவர் எலும்பு முறிவு,
ஒருவர் வெறும் முன்னுரை.

முனிலட்சுமிக்கு என்னைவிட வயது குறைவு.
ஒப்பந்த வேலை,
ஆறு மாதத்துக்கொருமுறை உயிர் வரும்.
சீட்டைத் திருப்பி, டிக்கெட் விலையையும் பார்த்துவிட்டு,
"கட்டுரையத் தேடாதீங்க, இதழைத் தேடுங்க.
பேரு, அப்புறம் வருஷம், அப்புறம் தொகுதி.
ஊருக்குள்ள வந்துட்டு வீட்டக் கேக்கணும்" என்றாள்.

வந்தோம் ஊருக்குள்.
எண்பத்தைந்து. எண்பத்தாறு. எண்பத்தேழு.
மூன்றாவது இதழ், 141ஆம் பக்கம்:
மாங்கூழ் டப்பாக்கள் துருப்பிடிப்பது பற்றி
ஒருவர் விரிவாக வருந்தியிருந்தார்.

என் மேசையில் பதினேழு ஆய்வேடுகள்.
பதினேழும் 141 என்றே சொல்கின்றன.
ஒருவரும் இந்தக் கதவு வரை வந்ததில்லை.
முன்னால் போனவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு
பதினேழு பேர் இருட்டில் நடந்திருக்கிறார்கள்.
பதினெட்டாவதாய்
என் கையும் நீண்டுதான் இருந்தது.

"மாத்திப் போட்டிருப்பாங்க" என்று
அவள் 114ஐத் திறந்தாள்.

இருந்தது. கோணலாய் ஸ்கேன் செய்த பக்கம்,
ஓரத்தில் யாருடையதோ கட்டைவிரல்.
இனிஷியலை விரித்தெழுதிய யாரோ
ஊரைக் குடும்பப் பெயராக்கியிருந்தார்கள்:
காவேரிப்பட்டணம், டி.
ஒரு பட்டணமே உட்கார்ந்து எழுதினாற்போல.

கிணற்று நீரில் ஃபுளோரைடு.
அட்டவணை இரண்டு. மாதிரி முப்பத்தொன்று.
நாகப்பன் கொட்டாய், பொதுக் கிணறு, 4.8.
ஒன்றரைக்கு மேல் ஆகாதென்று
அடியில் பொடி எழுத்தில் ஒரு நட்சத்திரம்.

நான் பிறந்தது தொண்ணூற்றாறில்.
நாகப்பன் கொட்டாயில்.

விடுதியில் முதல் வாரம்
பாக்கு போடுவியா என்று கேட்டார்கள்.
அடையாள அட்டை, பாஸ்போர்ட், தங்கை கல்யாண ஆல்பம்
எல்லாவற்றிலும் உதடு பூட்டியே சிரிக்கிறேன்.
இரண்டு கிணறு தள்ளி, மாதிரி முப்பத்துமூன்று,
0.9 தான்.
நடந்தால் கால் மணி நேரம்.

நன்றியுரையைக் கடைசியில் படித்தேன்.
துறைத்தலைவருக்கு, பொருளுதவிக்கு, தட்டச்சுக்கு,
பிறகு, "வாளியும் கயிறும் தந்த ஊரார்க்கு."
பெயர் இல்லை.
வாளி கொடுத்தவர்களுக்கு
ஒரு பிரதி போனதாகவும் இல்லை.

பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
ஒன்பது பக்கம், கடைசிப் பக்கத்தில் மை தீர்ந்து
முடிவுரை பாதியோடு நின்றது.
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

முனிலட்சுமி வாங்கவில்லை.
திரையில் குனிந்து
அட்டவணை இரண்டில்
விரலை மேலிருந்து கீழே
மெதுவாய் இறக்கிக்கொண்டிருந்தாள்,
முப்பத்து நாலு, முப்பத்தைந்து,
வாயை மூடியபடி.